நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிளும் நாம் எழுத மறந்த தோட்ட வரலாறும்



இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் எழுதி வரும் நான் இன்று ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். தமிழாசிரியை ஒருத்திக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். பொறுமையுடன் படித்து வந்தால் இது நம் வகுப்பறையையும் பற்றிய கட்டுரை என்பது விளங்கும்.

சென்ற ஆண்டு என் தாய்மாமன் காலமானார். கோல சிலாங்கூர் மாவட்டத்தில், புக்கிட் ரோத்தானுக்கும் பழைய பத்தாங் பெர்ஜுந்தைக்கும் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) இடையிலிருந்த ஒரு தோட்டத்தின் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக வேலை செய்தவர். பிள்ளைகள் இல்லாதவர். அவர் எங்களுக்கு விட்டுச் சென்றவை இரண்டு. ஒன்று, நான்கு சிலிண்டர் கொண்ட ஹோண்டா மோட்டார் சைக்கிள்; 1970களின் நடுவில் வெளிவந்த சி.பி. 400 ஃபோர். மற்றொன்று, பிஸ்கட் டின்னுக்குள் கருவிகளோடு கிடந்த ஒரு பள்ளிக் குறிப்பேடு.

குறிப்பேட்டைத் திறந்ததும் திகைத்துப் போனேன். உள்ளே இருந்த கையெழுத்து என்னுடையது. பன்னிரண்டு வயதில் நான் எழுதியது.

மாமா ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். தமிழ் நாளிதழ் படிப்பார், எழுதத் தயங்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வண்டியைக் கழற்றும்போது என் அண்ணன் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான். நான் டார்ச்லைட் பிடிப்பேன். "பாப்பா, உனக்குத்தான் எழுத்து அழகு. நான் சொல்றத எழுதி வை" என்பார். அப்படி எழுதியவைதான் அந்த நாற்பது பக்கங்கள். அவற்றை நான் முற்றிலும் மறந்திருந்தேன்.

தோட்ட வரலாற்றை நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். கப்பல் பயணம், கங்காணி, லயன் வீடு, கள்ளுக்கடை, பிரம்படி என்று துன்பத்தின் வரலாறு நமக்குத் தெரியும். அது எழுதப்பட வேண்டிய வரலாறே. ஆனால் அந்த மக்கள் எவ்வளவு அறிந்திருந்தார்கள், அந்த அறிவை எப்படிக் கைமாற்றினார்கள் என்பதை நாம் அதே அக்கறையோடு எழுதவில்லை. மாமாவின் வண்டியை முன்னிட்டு அதைச் சிறிது எழுதிப் பார்க்கிறேன்.

இறங்கி நின்ற காலம்

எங்கள் வட்டாரம் தோட்டத் தொழில் வரலாற்றில் தனியிடம் பெற்றது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டில் பத்தாங் பெர்ஜுந்தை அருகே ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் தொடங்கப்பட்டது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். பெயரே தமிழ்தான்! அதைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்திருந்தன. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கிய பின், மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் பெருகப் பெருக ரப்பருக்கான தேவையும் பெருகியது. இங்கே பால்மரம் வெட்டியவர்களின் உழைப்பில்தான் உலகத்தின் சக்கரங்கள் உருண்டன. டயருக்குப் பால் கொடுத்தவர்களோ பெரட்டுக் களத்திற்கும் வெட்டுக் காட்டிற்கும் நடந்தே சென்றார்கள்.

பின்னர் சிலரிடம் சைக்கிள் வந்தது. அதிலும் ஒரு வழக்கம் இருந்தது. எதிரே துரையோ தோட்டத்து உத்தியோகத்தரோ வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நம்மில் பலர் அறிவோம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். அந்த ஆண்டு மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர்.

அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலை ஆசிரியர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றுடன் வேறு இரண்டும் அதில் உண்டு. ஒன்று, பிள்ளைகளுக்கு முறையான கல்வி. மற்றொன்று, துரைமார் முன்னும் உத்தியோகத்தர் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை. கல்வியும் சைக்கிளும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொல்லியிருந்தது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் முறையான கல்வியைக் கோரிக்கையாக எழுத வேண்டியிருந்தது என்றால், சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையிலிருந்த தொலைவை நாமே அளந்துகொள்ளலாம்.

என் பாட்டிக்கு அப்போது பதின்மூன்று வயது. தம் தந்தையார் சைக்கிளை விட்டு இறங்கித் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சாலையோரத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை.

கப்சாய் வந்தது

1958-இல் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்னும் 50 சி.சி. வண்டியை ஜப்பானில் வெளியிட்டது. அதே ஆண்டில் பினாங்கின் லோ பூன் சியூ, ஹோண்டா வண்டிகளை இங்கே விற்கும் உரிமையைப் பெற்றார். அவரும் பேருந்து கழுவி, மெக்கானிக்காக உழைத்து முன்னேறியவர்தாம். சிறிய கப் வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் கப்சாய். ‘சாய்’ என்றால் கந்தோனிய மொழியில் சிறியது, பிள்ளை என்று பொருள்.

நான்கரைக் குதிரைத்திறன் கொண்ட அந்தச் சிறு வண்டி தோட்டத்து வாழ்க்கையையே மாற்றியது. அதில் கிளட்ச் பிடி கிடையாது. இடக்கை ஓய்வாக இருக்கும். செம்மண் சாலையில் பால் வாளியையும் பிள்ளையையும் ஏற்றிச் செல்லலாம். 1967-இல் தவணை முறைக் கொள்முதலுக்குச் சட்டம் வந்தது. தவணையிலும், கூட்டுப் பிடித்த பணத்திலும் குடும்பங்கள் வண்டி வாங்கின. பேருந்துக்குக் காத்திராமல் கோல சிலாங்கூர் மருத்துவமனைக்குப் போக முடிந்தது. பிள்ளைகள் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்ல முடிந்தது. வெளியூரிலிருந்து வந்த தமிழாசிரியர்களும் கப்சாயில்தான் வந்தார்கள். வண்டிச் சத்தத்தை வைத்தே எந்த ஆசிரியர் வருகிறார் என்று சொல்லிவிடுவோம்.

வண்டி பெருகியதால் பழுதும் பெருகியது. தோட்டத்துப் பட்டறை முறைப்படி டிராக்டருக்கும் மின்சார இஞ்சினுக்கும் பால் கொட்டகை இயந்திரங்களுக்கும் உரியது. மாலை நான்கு மணிக்கு மேல் அது கப்சாய்களின் மருத்துவமனையாகிவிடும். மாமா அங்கேதான் கற்றார். மூத்த ஃபிட்டர் ஒருவர் பக்கத்தில் நின்று, திட்டு வாங்கி, கிரீஸ் துடைத்து, மூன்றாம் ஆண்டில்தான் ஸ்பானரைத் தனியாகப் பிடிக்க அனுமதி பெற்றார்.

நான்கு சிலிண்டர் என்றால் என்ன?

1986-இல் ஒரு சின்ன துரை தோட்டத்தை விட்டுப் போகும்போது, இரண்டு ஆண்டுகளாக ஓடாமல் கிடந்த தம் ஹோண்டாவை மாமாவுக்கு மலிவு விலையில் கொடுத்தார். கப்சாயை மட்டுமே பார்த்த எங்களுக்கு அது யானை போலத் தெரிந்தது.

நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிள் புதிய கண்டுபிடிப்பு அன்று. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1905-இலேயே 362 சி.சி. அளவில் அதைச் செய்துவிட்டது. ஆனால் அத்தகைய வண்டிகள் நெடுங்காலம் விலை மிகுந்தவையாக, சிலருக்கே உரியவையாக இருந்தன. ஹோண்டா தன் பந்தய வண்டிகளில் கற்ற பாடத்தைக் கொண்டு 1969-இல் சி.பி. 750 என்ற வண்டியைச் சந்தைக்குக் கொண்டு வந்ததும் நிலைமை மாறியது. 1971-இல் 500 சி.சி., 1972-இல் 350 சி.சி. என நடுத்தர அளவில் தம்பிகள் பிறந்தார்கள். அந்த 350-இன் சிலிண்டர் விட்டத்தை 47 மில்லிமீட்டரிலிருந்து 51 மில்லிமீட்டராகப் பெரிதாக்கியதே 408 சி.சி. கொண்ட சி.பி. 400 ஃபோர். ஆறு கியர், 37 குதிரைத்திறன், நான்கு குழாய்களும் வலப்பக்கம் வளைந்து ஒன்றாகச் சேரும் புகைபோக்கி. 1977-இல் அதன் உற்பத்தி நின்றது.

இது இயங்கும் முறையை மாமா எனக்கு உலக்கையை வைத்து விளக்கினார். ஒரே உரலில் நான்கு பெண்கள் குத்துவதாக எண்ணிக்கொள்ள வேண்டும். ஓரங்களில் நிற்கும் இருவரின் உலக்கை மேலே போகும்போது நடுவில் நிற்கும் இருவரின் உலக்கை கீழே வரும். சிலிண்டர்களும் அப்படியே. ஒன்றும் நான்கும் ஒரு சோடி. இரண்டும் மூன்றும் ஒரு சோடி. பொறி பற்றும் வரிசை 1, 2, 4, 3. ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் இஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒருமுறைதான் பற்றும். இதில் ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் பற்றும். ஆகவே அதிர்வு குறைவு, ஓட்டம் சீரானது. ஆனால் ஒருத்தி தாளம் தப்பினால் நால்வரின் உலக்கையும் மோதும். இதைப் பராமரிப்பதன் சிரமம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

பட்டறையில் நடந்த பாடம்

வண்டியை ஓட வைக்க மாமாவுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அவரிடம் பழுதுபார்ப்பு நூல் இல்லை. இருந்திருந்தாலும் அது ஆங்கிலத்தில்தான் இருந்திருக்கும். குறிப்பேட்டிலிருந்து சிலவற்றை இங்கே தருகிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்றும் பயன்படும்.

முதலில் திருகுகள். வண்டியை முன்பு பார்த்த ஒரு கடையில் இஞ்சின் மூடியின் திருகுத் தலைகளை மழுக்கி வைத்திருந்தார்கள். பழைய ஜப்பானிய வண்டிகளின் கூட்டல் குறித் திருகு, பார்ப்பதற்கு மற்றவை போலவே இருந்தாலும் அதன் பள்ளம் சற்று வேறுபட்டது. சாதாரணத் திருப்புளியின் கூர்முனை அடியில் முட்டிக்கொண்டு, திருப்பும்போது மேலேறி வழுக்கும். மாமா திருப்புளியின் முனையைச் சாணைக்கல்லில் சிறிது தேய்த்துக்கொண்டார். அது பள்ளத்தில் அப்படியே பொருந்தியது.

அடுத்தது கார்புரேட்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாக நான்கு உண்டு. நின்றுபோன பெட்ரோல் பிசினாகி, நுண்துளைகளை அடைத்திருந்தது. இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். பிறகு பெட்ரோல் அளவு என்றைக்கும் சரிவராது. மாமா பாசிர் பெனாம்பாங்கில் வாங்கிய மெல்லிய தூண்டில் நரம்பால் ஒவ்வொரு துளையையும் சுத்தம் செய்தார்.

மூன்றாவது பாய்ண்ட். இதில் இரண்டு பாய்ண்ட், இரண்டு காயில். ஒரு சோடி சிலிண்டர்களுக்கு ஒரு காயில். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். பாய்ண்ட் திறக்கும் கணத்தில்தான் பொறி பிறக்கும். அந்தக் கணத்தைக் கண்டுபிடிக்க மாமாவிடம் இருந்தது 12 வோல்ட் பல்பு ஒன்றுதான். பாய்ண்டுக்கும் இஞ்சின் உடம்புக்கும் நடுவே அதை இணைத்து, இஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றுவார். குறி நேராக வரும்போது பல்பு எரிய வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தகட்டை நகர்த்த வேண்டும். "எரிஞ்சிச்சா பாப்பா?" என்று அவர் கேட்க, "எரிஞ்சிச்சு மாமா" என்று நான் கத்துவேன்.

நான்காவது வால்வு இடைவெளி. எட்டு வால்வுகள், ஒவ்வொன்றுக்கும் 0.05 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு! இஞ்சின் குளிர்ந்திருக்கும் அதிகாலையில்தான் பார்க்க வேண்டும். இடைவெளி குறைந்தால் வால்வு முழுதாக மூடாமல் கருகும். மிகுந்தால் தட்டும் சத்தம் எழும், வலு குறையும்.

ஐந்தாவது எண்ணெய். இந்த வண்டியில் இஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். எனவே இன்றைய கார்களுக்கென வழுவழுப்பு கூட்டிச் செய்த எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். மோட்டார் சைக்கிளுக்கென்றே விற்கும் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். கேம் சங்கிலியை இறுக்கி வைக்கும் பாகம் இவ்வகை வண்டியில் துருவேறி இறுகிக்கொள்ளும். அதைக் கவனிக்காவிட்டால் சங்கிலி தொளதொளத்து உள்ளே உரசும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாமாவின் கைக்கு இந்த நுட்பம் எங்கிருந்து வந்தது? பட்டறையிலிருந்து மட்டும் அன்று. என் பாட்டி பால்மரம் வெட்டியவர். பட்டையைச் சீவும்போது உள்ளே உயிருள்ள படலத்திற்கு மேல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு வைக்க வேண்டும். உளி ஆழமாகப் போனால் மரம் புண்பட்டு முடிச்சு விழும். மேலாகச் சீவினால் பால் வராது. இருள் பிரியாத காலையில், நெற்றி விளக்கின் ஒளியில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கை தவறாமல் விட்டு வைத்தவர் அவர். அதைத் திறன் இல்லாத கூலி வேலை என்று ஏடுகள் பதிந்து வைத்தன. நாமும் அப்படியே நம்பிவிட்டோம்.

1988-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி முதன்முறையாக நான்கு சிலிண்டரிலும் ஓடியது. பாட்டியைப் பின்னால் உட்கார வைத்து மாமா ஒரு சுற்றுப் போனார். கடைத்தெருப் பக்கம் திரும்பப் பார்த்தவரிடம் பாட்டி, "பங்களா ரோட்டுப் பக்கம் போடா" என்றாராம். வண்டி துரை பங்களா வாசலைக் கடந்து போய்த் திரும்பி வந்தது. யாரும் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாட்டி சேலையை உதறிக் கட்டிக்கொண்டு அடுப்பு மூட்டப் போய்விட்டார்.

குறிப்பேட்டில் நான் செய்த பிழை

மாமா இறந்த பிறகு, குறிப்பேட்டை வைத்துக்கொண்டு அண்ணனும் நானும் வண்டியை ஓட வைக்க முயன்றோம். திருகு, பாய்ண்ட், எண்ணெய் எல்லாம் எளிதில் ஆயின. எண் உள்ள இடங்களில் குறிப்பேடு எங்களைக் கைவிடவில்லை. வண்டி உயிர் பெற்றது. ஆனால் விட்டு விட்டு இருமியது. ஒரு சிலிண்டர் முந்த, ஒன்று பிந்த, புகைபோக்கி குமுறியது.

கார்புரேட்டர் பகுதியைத் திருப்பினேன். அங்கே என் அழகான கையெழுத்தில் ஒரே வரி: "நான்கு கார்புரேட்டர்களையும் சமப்படுத்தவும்."

எப்படிச் சமப்படுத்துவது? அந்த வரியில் இல்லை. அன்று மாமா ஒரு மணி நேரத்திற்கு மேல் பேசினார் என்பது நினைவிருக்கிறது. தூங்குவது, மூச்சு வாங்குவது, தாய், பிள்ளை என்று ஏதேதோ சொன்னார். நான் அப்போதுதான் ஆறாம் ஆண்டுக் கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றிருந்தேன். ‘பேச்சு வழக்கு’ எனக்குப் பிடிக்காது. அவருடைய சொற்களையெல்லாம் களைந்து ஒரு நல்ல தமிழ் வாக்கியமாக்கினேன். இலக்கணப் பிழை இல்லாத அந்த வாக்கியத்தில் அவருடைய அறிவு ஒரு துளிகூட இல்லை.

மாமாவின் பட்டறைத் தோழர் ஒருவர் புக்கிட் ரோத்தானில் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அழைத்தோம். வரும்போது இரண்டு முழ ரப்பர்க் குழாயைச் சுருட்டிக் கொண்டு வந்தார். காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றச் சொன்னார். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடித்து, மறு முனையைக் காதில் வைத்துக்கொண்டார்.

"இந்தா டீச்சர், கேளுங்க. இது மூச்சு. நாலும் ஒரே மூச்சா இழுக்கணும். இதுல ஒண்ணத் தாயா வச்சுக்கணும். தாய அசைக்கக் கூடாது. மத்த மூணு பிள்ளையும் தாயோட மூச்சுக்கு வரணும். இந்தப் பிள்ளை தூங்குது. அந்தப் பிள்ளை பேராசை புடிச்சு இழுக்குது."

கேட்டேன். முதலில் எல்லாம் ஒன்றாகவே தோன்றின. மூன்றாம் முறை கேட்டபோது வேறுபாடு விளங்கியது. ஒன்றில் சீற்றம், ஒன்றில் மெல்லிய முனகல். அவர் திருகைச் சிறிது திருப்பி, பூட்டு நட்டை இறுக்கி, மறுபடியும் கேட்டார். "இறுக்கும்போது நகரும். அதனால இறுக்கின பொறகும் கேக்கணும். உங்க மாமா இதத்தான் முக்கியமாச் சொல்வாரு."

இதே வேலைக்கு வெற்றிட அளவி என்ற கருவி கடைகளில் கிடைக்கிறது. நான்கு முள்ளும் ஒரே எண்ணில் நின்றால் போதும். அந்தக் கருவியை வாங்க முடியாத பட்டறை, அதே இயற்பியலைக் காதால் அளந்தது. மாமா சொன்ன ‘தாய்’ என்பது நிலையான ஒப்பளவு. ‘மூச்சு’ என்பது காற்று இழுவை. எவ்வளவு துல்லியமான கலைச்சொற்கள்! அவற்றை நான் பேச்சு வழக்கு என்று ஒதுக்கியிருந்தேன்.

வால்வுப் பக்கத்திலும் அப்படித்தான். "0.05 மி.மீ. இருத்தல் வேண்டும்" என்று எழுதியிருந்தேன். தோழர் ஃபீலர் தகட்டை வைத்துக் காட்டினார்: "தகடு புடிக்கணும், ஆனா கடிக்கக் கூடாது." அந்த உணர்வை எண்ணால் எழுத முடியாது. நம் மாணவன் ஒருவன் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தால் என் சிவப்பு மை என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பித்த திருத்தும் முறையைக் குறை சொல்லவில்லை. செந்தமிழ் கற்பிப்பது நம் கடமை. ஆனால் திருத்துவதற்கு முன்பு, அந்தச் சொல் எதைத் தாங்கி நிற்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

தோட்டம் போன பிறகு

1990களில் மாமாவின் தோட்டம் கைமாறியது. ரப்பர் ஏற்கெனவே செம்பனைக்கு வழிவிட்டிருந்தது. பட்டறை மூடப்பட்டது. கோல சிலாங்கூர் வட்டாரத்தின் தோட்ட நிலங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாயின. 2011-இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலையில் இன்று போகிறவர்களுக்கு, பக்கத்தில் எத்தனை பெரட்டுக் களங்கள் இருந்தன என்பது தெரியாது. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, மின்யாக், நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டுகள் போராடிக் காத்திருந்தன. தோட்டம் போகும்போது வீடும் கோயிலும் பள்ளியும் என்னவாகும் என்று நாம் கவலைப்பட்டோம்; அது சரியானதே. பட்டறையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பள்ளிகளில் பல இடம் மாறியேனும் நிலைத்தன. பட்டறைக்கு மாற்றிடம் கிடையாது. அங்கே கற்றவர்கள் பாதுகாவலர்களாகவும் லாரி ஓட்டுநர்களாகவும் சிதறிப் போனார்கள். அவர்களுடைய சான்றிதழ் கையில் இருந்தது, காகிதத்தில் இல்லை.

மாமா மட்டும் கடைசி வரை வீட்டு முற்றத்தில் அக்கம்பக்கத்தார் வண்டிகளைப் பார்த்துக் கொடுத்தார். அவருக்குப் பின் அதைச் செய்ய ஆள் இல்லை.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

மோட்டார் சைக்கிள் என்றாலே பெற்றோர்களுக்கு அச்சம். அது நியாயமானது. நம் நாட்டில் சாலை விபத்தில் மாண்டு போவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. தலைக்கவசம் 1973-இலேயே கட்டாயமாக்கப்பட்டும் இன்னும் நாம் சொல்லிக் கொண்டுதான் இருக்கிறோம். மாமா தலைக்கவசமின்றி ஒரு நாளும் வண்டியைத் தள்ளக்கூட மாட்டார். "வேகமாப் போறவன் வண்டியக் கழட்டிப் பாக்காதவன்" என்பார். பிரேக்கைத் தன் கையால் கழற்றிப் பூட்டிய பிள்ளை, அந்தப் பிரேக் எங்கே தோற்கும் என்பதையும் அறிந்திருப்பான். எனவே, வயது வராத பிள்ளைக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள். ஸ்பானரைக் கொடுங்கள், பெண் பிள்ளைக்கும் கொடுங்கள். நான் டார்ச்லைட்டோடு நின்றுவிட்டேன்.

ஆசிரியர் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு சிறு பணி கொடுத்துப் பாருங்கள். தாத்தா பாட்டியிடம் ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதி வரச் சொல்லுங்கள். உளி தீட்டுவது, செம்பனைக் குலை வெட்டுவது, வலை பின்னுவது, இஞ்சின் பார்ப்பது என எதுவானாலும் சரி. செந்தமிழில் எழுதும் பயிற்சியை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். முதலில் பொருள் கைக்கு வரட்டும்.

என் வகுப்பில் இதைச் செய்தேன். கட்டுரையில் மூன்று வரிக்கு மேல் எழுதாத ஒரு மாணவன், தன் தாத்தா புல்வெட்டும் இயந்திரத்தின் பிளக்கைப் பார்த்தே இஞ்சினின் நோயைச் சொல்லுவார் என்று ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். கறுப்பாக, ஈரமாக இருந்தால் ‘அதிகமாத் தின்னுது’. வெள்ளையாக இருந்தால் ‘பட்டினி கெடக்குது’. காப்பிக் கொட்டை நிறமென்றால் ‘நல்லா இருக்குது’. ஏழு இடங்களில் ஒற்றுப்பிழை இருந்தது. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பென்சிலால் கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதினேன்: "பட்டினி கிடந்தால் தாத்தா அடுத்து என்ன செய்வார்?"

மறுநாள் இன்னும் ஒரு பக்கம் எழுதி வந்தான்.

மாமாவின் குறிப்பேட்டில் பதினைந்து பக்கங்கள் இன்னும் வெறுமையாக உள்ளன. புக்கிட் ரோத்தான் தோழர் ஞாயிறுதோறும் வருகிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதி வருகிறேன். இம்முறை ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை.

உங்கள் பகுதியில் இப்படிப்பட்ட பெரியவர்கள் இருந்தால், அவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.